வெளிவராத படம்

சனிக்கிழமை மூன்று மணிக்கு
கியர் ஷாப்பில் பஞ்ச் அடித்துவிட்டு வெளியே வருவேன்.
விரல் இடுக்கில் கட்டிங் ஆயில்.
எவ்வளவு சோப்புப் போட்டாலும்
ஆறாவது கம்பி அதைக் கண்டுபிடித்துவிடும்.

பாகலூர் ரோட்டில் டயர் கடைக்கு மேலே முதல் மாடி.
ஆம்ப்ளிஃபயரைத் திம்மராயனும் நானும்
ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றுவோம், முப்பத்தொரு படி.
பாடுகிற கோவர்த்தனன் மைக்கை மட்டும் கொண்டுவருவான்.
தொண்டையைக் காப்பாற்ற வேண்டுமாம்.

மேடை என்பது பெரிய வார்த்தை.
இரண்டு மேஜைகளை எடுத்துவிட்ட இடம்.
என் தலைக்கு நேர்மேலே
கழிப்பறைக்கு வழிகாட்டும் அம்புக்குறி.
மூன்றாவது ரவுண்டுக்குப் பிறகு
எல்லோரும் என்னை நோக்கித்தான் வருகிறார்கள்.

சீட்டுகள் வரும்,
டிஷ்யூ பேப்பரில், பில்லின் முதுகில்.
தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று,
தமிழில் எழுதிக் கடைசியில் ஒரு ப்ளீஸ்.
ஒசூரில் போதைக்கு மூன்று தாய்மொழி.
எனக்கு எல்லாம் ஜி மைனர், சி மைனர்,
அப்புறம் கொஞ்சம் தைரியம்.

ஐந்தாம் மேஜை போர்வெல்காரர்
வாரம் தவறாமல் ஓர் அம்மா பாட்டுக் கேட்பார்.
முதல் சரணத்துக்குள் அழுதுவிடுவார்,
இரண்டாம் சரணத்தில் சில்லி சிக்கன் சொல்வார்.
அவருக்காகவே இடையிசையை
இரண்டு சுற்று நீட்டி வாசித்துக்கொண்டிருந்தேன்.
அம்மா நன்றாகத்தான் இருக்கிறாராம், சூளகிரியில்.

கேசட்டில் இருந்தது போலவே இருக்க வேண்டும்.
அதுதான் பேச்சு, அதற்குத்தான் ஆளுக்கு எழுநூறு.
ஒரு ஸ்வரத்தை மாற்றினால்
எங்கோ ஒரு தலை கிளாஸிலிருந்து நிமிரும்,
பைக்கில் நட்டு கழன்ற சத்தம் கேட்டதுபோல.

கார்த்திகை மழையில் ஒருநாள் மின்சாரம் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
பையன் கேனை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினான்.
கோவர்த்தனன் பாதி ஆகாரத்தில் வாயை மூடினான்.
என் விரல் நிற்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

ஆம்ப் செத்த எலெக்ட்ரிக் கிட்டார்
தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு.
அவ்வளவுதான் சத்தம்.
ஷிப்ட் முடிந்து லேத் சுழற்சி தணிகிற இறக்கம் கொஞ்சம்,
ஜூஜூவாடியில் லாரிகள் கியரைக் குறைக்கிற முனகல் கொஞ்சம்,
மீதி எங்கிருந்து வந்ததோ.
இருட்டில் எனக்கு என் கைகூடத் தெரியவில்லை.
எல்லோரும் செல்போன் வெளிச்சத்தில்
அவரவர் கிளாஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு நிமிஷம் கழித்து வெளிச்சம் வந்தது.
கைதட்டினார்கள்,
ஜெனரேட்டருக்கு.

ஐஸ் வைக்க வந்த புட்டராஜு குனிந்து கேட்டான்:
'அண்ணா, இப்ப வாசிச்சது எந்தப் படம்?'
என்னுடையது என்று சொல்ல நாக்குப் புரளவில்லை.
'படம் வெளிவரலப்பா' என்றேன்.
'அடப்பாவமே' என்றான், தயாரிப்பாளருக்காக.

அடுத்த சனிக்கிழமை
ஊறுகாய்க் கறையோடு ஒரு சீட்டு:
வெளிவராத படம். கரண்டு போன பாட்டு. ஒருதடவை.

கோவர்த்தனன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
யார் மியூசிக், என்ன ஸ்ருதி, டூயட்டா?
நான் மேஜைகளைப் பார்த்தேன். பதினொன்று.
போர்வெல்காரர் எலும்பில் கவனமாக இருந்தார்.
ஜன்னலோரம் மூன்று பையன்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.
ஒருவரும் நிமிரவில்லை.

எனக்கோ ஒன்றும் நினைவில்லை.
ஏழு நாள் ஷாப்பில் நின்றுகொண்டே தேடியிருக்கிறேன்,
மெஷின் நிற்கும் நேரமாகப் பார்த்து.
முதல் ஸ்வரம் மட்டும் இருக்கிறது.
அதுவும் அதுதானா என்று தெரியாது.

கம்பியில் விரலை வைத்தேன்.
பிசுபிசுத்தது.
திம்மராயன் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி
என் முகத்தைப் பார்க்கிறான்.

ஸ்விட்ச் போர்டு பக்கம் நின்று புட்டராஜு கேட்கிறான்:
'அண்ணா, லைட்டை அணைக்கட்டுமா?'